துண்டுக்கு அடியில் ஏலம்

சுபத்ராவின் ராத்திரித் தூக்கத்துக்கு விலை முந்நூற்று முப்பத்து மூன்று ரூபாய். கூடவே வருகிற முப்பத்து மூன்று பைசாவை விட்டுவிடலாம். குரோம்பேட்டையில் இப்போது பைசாவைக் குனிந்து எடுக்க ஆளில்லை.

கணக்கு சுலபம். அவள் நடத்துகிற ஏலச்சீட்டில் அவளையும் சேர்த்து இருபது பேர். ஆளுக்கு மாதம் பத்தாயிரம், மொத்தம் இரண்டு லட்சம். அதில் அனிருத் என்றொருவன் மூன்றாம் மாதச் சீட்டை எடுத்தான், புது பைக் வாங்கினான். அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து அவனையும் காணோம், பைக்கையும் காணோம், போனில் மணியும் அடிக்கவில்லை. ஓடிப்போனவனின் தவணை சீட்டு நடத்துகிறவளின் தலையில்தான் விழும். பத்தாயிரத்தை முப்பதால் வகுத்துக்கொள்ளுங்கள். தினம் அந்தக் காசைக் கல்லாவிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தால் படுத்ததும் தூக்கம் வரும். வைக்காத நாளில் மீதிப் பதினெட்டு பேரும் கதவைத் தட்டுவது மாதிரி கனவு வரும்.

"ஒரு அனிருத்தைத் தாங்கலாம். ரெண்டாவது ஒருத்தன் ஓடினான்னு வெச்சுக்கயேன், கடை ஷட்டரை இழுத்து வுட வேண்டியதுதான்" என்றாள் புருஷன் தீனாவிடம்.

தீனா சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவன். கவலையை வண்டியில் ஏற்றுவதில்லை. "எவன் ஓடுவான்னு மூஞ்சில எழுதியா கீது? வர்றத அப்பால பாத்துக்கலாம், வுடு."

வருவது ஏற்கனவே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். பொருளாதார மந்தமா, மந்தம் மாதிரி ஒன்றா என்று டிவியில் நாலு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளியிருந்த அவளுடைய பாத்திரக் கடைக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் பரிசாகக் கொடுக்கிறவர்கள் போன வருஷம் குடம் வாங்கினார்கள். தை பிறந்ததும் குடம் சொம்பாயிற்று. ஆனிக்குள் சொம்பு கிண்ணமாயிற்று. பேர் வெட்டுவதில் மட்டும் ஒருவரும் குறை வைக்கவில்லை. 'அன்பளிப்பு' என்று தொடங்கிப் புருஷன் பேர், பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர், நகர், குறுக்குத் தெரு எல்லாம் வெட்டச் சொன்னார்கள். குடத்துக்கு எழுதிய விலாசம் கிண்ணத்தில் எங்கே அடங்கும்? பாயசம் ஊற்றுகிற பக்கம்வரை எழுத்து இறங்கிவிட்டது.

சீட்டு ஏலம் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணிக்குக் கடை மாடியில் நடக்கும். காபியும் மிளகாய் பஜ்ஜியும் சுபத்ராவின் செலவு. முதல் மாதச் சீட்டு நடத்துகிறவளுக்கு. அதுதான் அவள் கூலி. மற்ற மாதங்களில் பணம் அவசரப்பட்டவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். 'ரெண்டு லட்சத்தில் எனக்குப் பத்தாயிரம் வேண்டாம்' என்பார் ஒருவர். 'எனக்குப் பன்னிரண்டு வேண்டாம்' என்பார் இன்னொருவர். அதிகம் விட்டுக்கொடுக்கிறவருக்குச் சீட்டு. விட்ட பணம் இருபது பேருக்கும் பங்காகி, அந்த மாதத் தவணையில் கழியும். அவசரக்காரனுக்குப் பணம், பொறுத்தவனுக்கு லாபம்.

காலம் கெட்டால் ஏலம் சூடு பிடிக்கும், பங்கு நிறைய வரும் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். வியாபாரிக் கணக்கு அது. சம்பளக்காரர்களிடம் அது செல்லவில்லை.

"ரெண்டு லட்சம்! யார் கேக்கறீங்க?" என்றாள் ஆறாம் மாதம். சத்தமே இல்லை. ஏழாம் மாதமும் அதே கதை. ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்த கேஷவ் மின்விசிறியைப் பார்த்தான். தனியார் பள்ளி டீச்சர் சின்மயி போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிட்லபாக்கத்திலிருந்து வருகிற யக்ஞநாராயணன், ரிட்டயரான பாங்க் மேனேஜர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லைம்மா. பென்ஷன் வந்துண்டிருக்கு" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிற கிளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா இது, எழவு வூட்டுல குந்தினு இருக்கிற மாதிரி குந்தினு இருக்கீங்க? நான் ரெண்டாம் மாசமே எடுத்துட்டேன். இல்லாங்காட்டி இந்நேரம் கூவியிருப்பேன்."

அவளால் கூவ முடியும். அவளுக்கு முதலாளி கிடையாது, வேலையைவிட்டுத் தூக்க. மற்றவர்களுக்கு வாயைத் திறந்தால் ஆபத்து. கேட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அதிகம் விட்டுக்கொடுத்துக் கேட்டால் வேலை போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சேதி சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களிடம் இரண்டாவது சுற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பணம் வேண்டியவர்கள் அத்தனை பேரும் வேண்டாதவர்கள் மாதிரி பஜ்ஜியிலிருந்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஏழாம் மாதப் பணம், பஜ்ஜிக்காகவே வருகிற ஸ்ரீநிவாசராகவனுக்கு விழுந்தது. "ஐயையோ, எனக்கு எதுக்கும்மா இது? ஆத்துல வெச்சா பயம், பாங்க்ல போட்டா வரி" என்று அவர், சுபத்ரா ரொக்கமாகப் போட்டுக் கொடுத்த மஞ்சப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. எல்லோரும் முழுப் பத்தாயிரம் கட்டினார்கள். கட்டும்போது யார் கை நடுங்கியது என்று சுபத்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போனில் அனுப்பிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை.

அதுதான் அவளைத் தின்றது. யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை வைத்து யாருக்கு என்ன நெருக்கடி என்று அவள் நாடி பார்த்துவிடுவாள். இப்போது நாடியே கிடைக்கவில்லை. இருபது பேரில் அடுத்த அனிருத் யார்? எடுத்தவன் ஓடினால் பள்ளம். எடுக்காதவன் நின்றுபோனாலும் மாதாமாதம் பத்தாயிரத்துக்கு ஓட்டை. பயம் இருட்டில் நிற்கிற மாடு மாதிரி. எந்தப் பக்கம் கொம்பு, எந்தப் பக்கம் வால் என்று தெரியாமல் எப்படிப் பிடிப்பது?

எட்டாம் மாத ஏலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு மல்லிச் செடி வாங்கப் போனாள். புறாக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சேவலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது தப்பு. வாய் இரண்டும் மூடியிருந்தது. கைகள் இரண்டும் ஒரு துண்டுக்கு அடியில் இருந்தன. ஒருவன் முகம் மட்டும் 'உனக்கு மனசாட்சி இருக்கா?' என்றது.

சுபத்ரா செடியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சந்தையில் மாடு விற்ற காலத்தில் அவள் அப்பா சிட்டிபாபு அங்கே தரகர். ஒரு விரலைப் பிடித்தால் இவ்வளவு, முழுக் கையை அமுக்கினால் இவ்வளவு. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு கைகளுக்குள்ளேயே இருக்கும். அவளும் கற்றுக்கொண்டிருந்தாள். பாத்திரக் கடைக்கு அது தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

தீனாவிடம் சொன்னதும் முதல்முறையாக அவன் கவலைப்பட்டான். "இன்னாமே சொல்ற? ஊர் ஆம்பளைங்க கையெல்லாம் துண்டுக்கு அடியில புடிப்பியா?"

"வளையல்காரன் என் கையைப் புடிச்சு அரை மணி நேரம் அமுக்கறான், அப்போ வாயைத் தொறந்தியா?"

"அவன் வளையல் மாட்றான்."

"நான் சீட்டு மாட்றேன். போய் பஜ்ஜிக்கு மாவு கரை."

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. இன்னும் சீட்டு எடுக்காத பதிமூன்று பேரும் வந்திருந்தார்கள். எடுத்து முடித்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சுபத்ரா தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு புது டர்க்கி டவலை விரித்தாள்.

"கேட்டுக்குங்க. ஒரு விரலைப் புடிச்சா ஆயிரம். முழுக் கையை ஒரு தடவை அமுக்கினா அஞ்சாயிரம், ரெண்டு தடவைன்னா பத்து. வேண்டாம்னா கையைச் சும்மா வெச்சுட்டு எடுத்துடுங்க. எல்லாரும் வரணும். வேணும்னாலும் வரணும், வேண்டாம்னாலும் வரணும். அப்பதான் யாரு கேட்டா, யாரு கேக்கலைன்னு யாருக்கும் தெரியாது. ஜெயிச்சது யாருன்னு நான் சொல்லவும் மாட்டேன்."

"ஜி.பே.யில அனுப்பற காலத்துல இது என்னம்மா?" என்றார் யக்ஞநாராயணன்.

"அதுல பேர் தெரியுது சார்" என்றாள் சுபத்ரா.

முதலில் அவரே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணி முப்பதைத் தாண்டியதும் சுபத்ரா குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், இது கஸ்டமருக்குக் கை குலுக்கற இடம் இல்ல. முப்பத்தஞ்சாயிரம் ஆயிடுச்சு."

அவர் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார். மாடியே சிரித்தது. இரண்டு மாதமாக அந்த மாடியில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை. "ரிட்டயரானாலும் கை மறக்கல பாரேன்!" என்றாள் கிளியம்மாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முகத்தில் சிரிப்பு, துண்டுக்கு அடியில் வேறு சமாசாரம். சுபத்ராவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சின்மயியின் விரல்கள் சில்லென்று இருந்தன. மூன்று முறை அமுக்கி, இரண்டு விரலைப் பிடித்தாள். பதினேழாயிரம். சொந்த வீடு, இரண்டு கார் என்று இருக்கிற ஒருவரின் உள்ளங்கை பிழியாத துணி மாதிரி வேர்த்திருந்தது. அவர் பதினாலு கேட்டார். ஒன்றும் கேட்காதவர்கள் நாலே பேர். பயப்படுகிறவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாளே, இங்கே பயம் ஆளாளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது மாதிரி அல்லவா இருக்கிறது! அந்த நினைப்பில் அவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் தெம்பாகவே இருந்தது.

கடைசியில் கேஷவ். அவன் கை ஐஸ். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு முறை அமுக்கினான். நாற்பதாயிரம். இவரும் கை குலுக்குகிறாரோ என்று சந்தேகப்பட்டு, அவள் திருப்பி ஒருமுறை அமுக்கினாள். 'நிஜமா?' என்று அர்த்தம். அவன் மறுபடியும் நிதானமாக எட்டு முறை அமுக்கினான்.

"கணக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன். பஜ்ஜி சாப்பிடுங்க" என்று எழுந்து அவள் கடைக்கு இறங்கினாள். நாற்பதாயிரத்தை விட்டுக்கொடுக்கிறவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். சீட்டை எடுத்துவிட்டு மூழ்கினால் மீதிப் பன்னிரண்டு மாதத் தவணை, கிட்டத்தட்ட ஒரு லட்சத்து இருபதாயிரம், அவளோடு சேர்ந்து மூழ்கும். இரண்டாவது அனிருத். யாருக்கும் தெரியாது, பதினேழு கேட்ட சின்மயிக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. மேலே போய்த் தொகையைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கேஷவ் இறங்கி வந்து அண்டாக்களுக்கு நடுவில் நின்றான்.

"அக்கா, நாப்பது சொன்னது நான்தான்."

"தெரியும். நான்தானே புடிச்சேன்."

"எனக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. அதைச் சொல்லாம உங்க பணத்தைக் கையில வாங்கறது சரியில்லை. ஃப்ளாட்டுக்கு இ.எம்.ஐ. முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். என் வொய்ஃப் ஸ்ம்ருதி சம்பளத்துல வீடு நடக்குது. மூணு மாசம் கையில மூச்சு இருந்தா வேற வேலை பார்த்துடுவேன்னு நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்; எழுதிக் கொடுக்க முடியாது. வேண்டாம்னு நீங்க சொன்னா வருத்தம் இல்லை."

சுபத்ரா ஒரு சொம்பை எடுத்துத் துடைத்தாள். அது துடைத்த சொம்புதான். அனிருத் இப்படி வந்து நின்றிருந்தால்? நின்றிருந்தால் ஏதாவது வழி பண்ணியிருக்கலாம். ஓடுகிறவன் சொல்வதில்லை, சொல்கிறவன் ஓடுவதற்காகச் சொல்வதில்லை. மேலே இருக்கிற கைகளில் எந்தக் கை பத்திரம்? பயப்படாத கையாகப் பார்த்துக் கொடுப்பது என்றால் யக்ஞநாராயணனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் கேட்டது முப்பத்தைந்தாயிரத்துக்குக் கைகுலுக்கல்.

"உக்காருங்க" என்று குப்புறக் கவிழ்த்த அண்டாவைக் காட்டினாள். "சீட்டு உங்களுக்குத்தான். ஆனா நாப்பது கிடையாது. பதினெட்டு."

"நான் நாப்பது சொன்னேனே?"

"உங்களுக்கு அடுத்த கை பதினேழு. வாயால ஏலம் போயிருந்தா பதினெட்டுல நின்னிருக்கும். யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. இருட்டுல நாப்பது சொன்னீங்கன்னு நான் நாப்பது புடிச்சா, அது ஏலம் இல்ல, பிக்பாக்கெட்."

"இருபத்தஞ்சாவது வெச்சுக்கங்க அக்கா."

"பதினெட்டு."

"இருபது. என் மனசுக்காக."

"உங்க மனசுக்குன்னா பெருமாள் கோயில் உண்டியல்ல போடுங்க. முப்பது வருஷமா விலையை ஏத்தறதுக்குத்தான் பேரம் பேசியிருக்கேன். இறக்கறதுக்கு இவ்வளவு பேச வெக்கறீங்களே, தொண்டை வறளுது."

மேலேயிருந்து தீனா குரல் கொடுத்தான்: "இன்னாமே, எண்ணெய் காஞ்சிகினு கீது! ஜனங்க என்னையும் சேர்த்துத் தின்னுடும் போல!"

"வரேன் இரு!" என்றவள் கேஷவிடம் திரும்பினாள். "இன்னொண்ணு. அடுத்த நாலு மாசத் தவணை நாப்பதாயிரத்தை இப்பவே நான் புடிச்சுக்குவேன். அது என் கையிலதான் இருக்கும். நாலு மாசம் உங்களைப் பார்த்தா நான் பயப்பட மாட்டேன். என்னைப் பார்த்தா நீங்க தெருவை மாத்த வேண்டாம். அஞ்சாவது மாசம் வந்து நில்லுங்க. பணம் இருந்தாலும் வரணும், இல்லாட்டியும் வரணும். அனிருத் ஆயிடக் கூடாது, அவ்வளவுதான்."

கேஷவ் கணக்குப் போட்டான். ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்தில் நாற்பது போக, இந்த மாதத் தவணை ஒன்பதாயிரத்து நூறும் போக, ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்று மாத மூச்சுக்குக் கொஞ்சம் மேலேயே. அவன் கையை நீட்டினான். இந்த முறை துண்டு இல்லை.

சுபத்ரா மாடி ஏறிப் போய், "பதினெட்டாயிரத்துக்குப் போச்சு. ஆளுக்குத் தொள்ளாயிரம் பங்கு!" என்றாள். இரண்டு மாதமாகப் பங்கையே பார்க்காத கூட்டம் கை தட்டியது. கேஷவும் தட்டினான். யாருக்கு விழுந்திருக்கும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யக்ஞநாராயணனைத்தான் அதிகம் பேர் சந்தேகப்பட்டார்கள். அவர் மறுத்தார், மறுத்ததால் சந்தேகம் உறுதியாயிற்று. சாயங்காலத்துக்குள் அது ஏரியையும் சுற்றி வந்திருக்கும். பென்ஷன்காரருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

துண்டு ஏலம் தொடர்ந்தது. மாதாமாதம் யாராவது கேட்டார்கள், மாதாமாதம் பங்கு வந்தது. பதினோராம் மாதம் சின்மயி எடுத்தாள். காலம் ஒன்றும் தேறிவிடவில்லை. கிண்ணம் கிண்ணமாகவே இருந்தது. ஆனால் மாடியில் சத்தம் திரும்பிவிட்டது. சுபத்ராவும் துண்டுக்கு அடியில் கை வைத்த அத்தனை பேரையும் கையளவில் தெரிந்துகொண்டாள். யார் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று தெரிந்தபிறகு, தன் பயத்தை அவள் கடைக்குள் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தாள்.

பதிமூன்றாம் மாத ஏலம் பதினாறாயிரத்துக்குப் போயிற்று. பங்கு எண்ணூறு, தவணை ஒன்பதாயிரத்து இருநூறு. எல்லோரும் போன பிறகும் கேஷவைக் காணோம். அன்றைக்கு அவன் ஏலத்துக்கே வரவில்லை.

"உன் ஆளு எஸ்கேப்பு" என்றான் தீனா, பஜ்ஜிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டே.

சுபத்ரா துடைத்த சொம்பு ஒன்றைத் தேடி எடுத்தாள்.

மூன்று மணிக்கு அவன் வந்தான். சட்டை முதுகெல்லாம் வேர்வை. "மன்னிச்சுக்கங்க அக்கா. பெருங்குடியில ஒரு காண்ட்ராக்ட் வேலை. ஞாயித்துக்கிழமைகூட விடல. சம்பளம் பழைய சம்பளத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. அது மாசக் கடைசியிலதான் வரும். இன்னைக்கு என்கிட்ட இதுதான் இருக்கு" என்று நோட்டுகளை மேஜையில் வைத்தான். நாலாயிரத்து ஐந்நூறு. "பாதிகூட இல்லைன்னு தெரியும். இல்லாட்டியும் வரணும்னு சொன்னீங்க, வந்துட்டேன்."

சுபத்ரா நோட்டுகளை எண்ணவில்லை. அவள் எண்ணாமல் வாங்கியதைத் தீனா கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் பார்த்தான்.

"கணக்குல நீங்க ரொம்ப மோசம் சார்" என்றாள். "நாலு மாசத்துக்கு நான் புடிச்சது நாப்பதாயிரம். பங்கு போக உங்க தவணை ஆனது எவ்வளவு? ஒன்பதாயிரத்து நூத்தம்பது, ஒன்பதாயிரத்து இருநூத்தம்பது, ஒன்பதாயிரம், ஒன்பதாயிரத்து முந்நூறு. மொத்தம் முப்பத்தாறாயிரத்து எழுநூறு. மிச்சம் எங்கே போச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

கேஷவ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"கேக்க மாட்டேங்கறாரே!" என்று தீனாவிடம் முறையிட்டாள். "இவரை எப்படி மேனேஜரா வெச்சிருந்தானுங்க?"

"அதான் அனுப்பிட்டானுங்க" என்றான் தீனா. கேஷவ் சிரித்தான். வேலை போனதைப் பற்றிய பேச்சுக்கு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். சிரித்துவிட்டு அவனே திகைத்துப்போனான். தீனா அவனுக்கு இரண்டு பஜ்ஜியும் காபியும் கொண்டுவந்து வைத்தான். சுபத்ரா பேனாவை எடுத்து, அவன் சாப்பிடச் சாப்பிட, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்:

கேஷவ், பதிமூன்றாம் மாதம். தவணை ஒன்பதாயிரத்து இருநூறு. பிடித்து வைத்ததில் மிச்சம் மூவாயிரத்து முந்நூறு. இன்று கையில் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு. மாசக் கடைசியில் வர வேண்டிய பாக்கி, ஆயிரத்து நானூறு.